கிழக்கெல்லை கழுவெளி: ஒரு மனைப் பத்திரமும் பள்ளிக்கரணையைச் சுற்றிய ஊர்ப்பெயர்களும்

என் தாய்மாமா 1994-ல் தென்சென்னையில் நாராயணபுரம் ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் நடுவில் ஒரு மனை வாங்கினார். ஒரு கிரவுண்டு, 2,400 சதுரடி. மனைப்பிரிவு போட்டவர்கள் கொடுத்த வரைபடத்தில் நேர்கோடாகத் தெருக்கள், முப்பதடிச் சாலை, மூலையில் பச்சை அடித்த பூங்கா. நாலு வருஷம் கழித்து வீடு கட்டிக் குடிபோனார்கள். 2015 டிசம்பரில் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில், மார்பளவு. நாலு நாள் வடியவே இல்லை. அத்தையை முதல் நாள் ராத்திரியே மாடி வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இருந்த சேற்றுக்கோட்டைப் பார்த்துக்கொண்டே மாமா ஒரு கேள்வி கேட்டார். “நாலு தெரு தள்ளி இருக்கிற பழைய ஊருக்குள்ள ஒரு வீட்டுலயும் தண்ணி ஏறலையேடா. அங்கயும் அதே மழைதானே?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதன் விவரம். ஒரே ஒரு மனையை எடுத்துக்கொண்டு, அது முன்னால் என்னவாக இருந்தது, அதைச் சுற்றி இருக்கும் ஊர்களுக்கு ஏன் அந்தப் பெயர்கள் என்று தேடிப் பார்த்தேன். வெள்ளத்துக்குக் காரணம் மழை அளவிலும் வடிகால் வேலையிலும் இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கும் முந்தின ஒரு காரணம் பத்திரத்திலும் பெயர்களிலும் எழுதியே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தணிவான பக்கம் வீடு கட்டவில்லை.

பத்திரம்

வீட்டை விற்றுவிடலாமா என்ற யோசனையில் மாமா மூலப்பத்திரத்தை எடுத்துவைத்திருந்தார். 1957-ல் எழுதின கிரையப் பத்திரத்தின் நகல். எழுத்தர் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து ஓடும். நடுவில் பாதி வரி மடிப்பில் போய்விட்டது. நிலத்தின் வகை நஞ்சை. பாசனம் ஏரிப் பாய்ச்சல். விஸ்தீரணம் 1 ஏக்கர் 32 சென்ட். நான்கெல்லை சொல்லும் இடத்தில், “வடக்கில் வாய்க்கால், மேற்கில் ஏரிக்கரை, தெற்கில் ஷையார் வகையறா நஞ்சை, கிழக்கில் கழுவெளி.”

முதலில் கண்ணில் பட்டது அந்த 1 ஏக்கர் 32 சென்ட். இது ஏதோ கணக்கில் வந்த உதிரி அளவு இல்லை. சரியாக ஒரு காணி. தொண்டை மண்டலத்தில் நிலத்தைக் காணியில்தான் சொல்வார்கள். 100 குழி ஒரு காணி, அது 132 சென்ட். சர்க்கார் ஏக்கர் கணக்குக்கு மாறின பிறகும், விற்றவரும் வாங்கினவரும் மனசுக்குள் காணியாகவே பேசியிருக்கிறார்கள். ஒரு காணிக்கு 24 மனை என்பது பழைய கணக்கு. மாமா வாங்கின கிரவுண்டு, அந்த ஒரு காணிக் கழனியில் இருபத்துநாலில் ஒரு பங்கு.

அடுத்தது கிழக்கெல்லை. 1957-ல் எழுத்தருக்கு அது விளக்கம் தேவைப்படாத சொல். வாய்க்கால், ஏரிக்கரை மாதிரி கழுவெளியும் ஓர் எல்லை. எல்லாருக்கும் தெரிந்த, நகராத எல்லை. 1994-ல் மாமா பெயருக்கு எழுதின பத்திரத்தில் நான்கெல்லையும் மனை எண்களாக மாறிவிட்டது. கிழக்கில் மனை எண், மேற்கில் மனை எண், வடக்கில் முப்பதடிச் சாலை. இரண்டு பத்திரத்துக்கும் நடுவில் முப்பத்தேழு வருஷம். அதற்குள் வாய்க்காலும் ஏரிக்கரையும் கழுவெளியும் காகிதத்திலிருந்து காணாமல் போய்விட்டன. தண்ணீருக்கு அந்தக் காகிதம் தெரியாது.

கழுவெளி என்றால்

கழிவெளி, கழுவெளி என்று இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். கழி என்றால் உப்பங்கழி, கடலோர நீர்நிலை. வெளி என்றால் திறந்த பரப்பு. மழைக்காலத்தில் நீர் பரவி, கோடையில் வற்றி, புல்லும் கோரையும் மண்டிக் கிடக்கும் தணிவான நிலத்துக்குப் பொதுவான பெயர் இது. மரக்காணத்துப் பக்கம் இருக்கும் பெரிய நீர்நிலைக்கும் கழுவெளி என்றுதான் பெயர். அது 2021-ல் பறவைகள் சரணாலயமாக ஆனது. ஆக, நம் பக்கத்து மக்கள் இந்த மாதிரி நிலத்தைத் தனி வகையாகவே வைத்திருந்தார்கள். ஏரியும் இல்லை, கழனியும் இல்லை, பாழ்நிலமும் இல்லை.

ரெவின்யூ கணக்கில் இதைப் புறம்போக்கு என்று எழுதினார்கள். வரி வராத நிலம் என்ற அர்த்தத்தில் எழுதின சொல், போகப் போக யாருக்கும் வேண்டாத நிலம் என்ற அர்த்தத்துக்கு வந்துவிட்டது. அங்கேதான் தப்பு தொடங்கியது என்று நினைக்கிறேன். ஏனென்றால் விவசாயிக்கு அந்த நிலம் மிகவும் வேண்டியிருந்தது.

எப்படி என்று பார்க்கலாம். செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்ட் இந்தச் சீமையில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளில் ஒவ்வொரு ஊரின் நிலம், ஏரி, விளைச்சலில் ஊர் வேலைக்காரர்களுக்கும் கோயிலுக்கும் போன பங்கு எல்லாம் பதிவாகியிருக்கிறது. இன்றைய தென்சென்னை முழுக்க அந்தச் சீமையின் ஓரம்தான். ஏரிகள் தனித்தனியாக இருக்காது, சங்கிலியாகக் கோத்திருக்கும். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம் ஏரிக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளை ஏரிக்கு, அப்புறம் நாராயணபுரம் ஏரிக்கு, கடைசியில் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு. தெற்கே மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் பெரும்பாக்கம் வழியாக அதே கழுவெளிக்கு வந்து சேரும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் மழைநீர் இங்கே கூடுகிறது. வெளியே போக இருக்கும் முக்கியமான வாசல் ஒக்கியம் மடுவு. அது பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காடு வழியாகக் கோவளத்தில் கடலுக்குப் போகும்.

இந்தப் பக்கத்தில் மூன்று போகம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. பெரும் போகம் சம்பா. ஆடி, ஆவணியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது பயிர் தண்டு கட்டி நிற்கும். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும்தான், ஆனால் தலை முழுகி நாலைந்து நாள் நின்றால் அழுகிப்போகும். மேலே இருக்கும் ஏரிகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கோடி போகும், அதாவது நிரம்பி வழியும் நாட்கள் அவை. அந்த வேகத்தில் வரும் தண்ணீர் கழனியில் தங்காமல் இறங்கிப் போக ஒரு காலியிடம் வேண்டும். அந்தக் காலியிடம்தான் கழுவெளி. கடலில் ஏற்றம் இருக்கும்போது மடுவு வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். அதுவரைக்கும் கழுவெளி பரந்து விரிந்து வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு சம்பாப் போகம் வீட்டுக்கு வந்தது என்றால், கிழக்கே யாரும் உழாத ஒரு பரப்பு கிடந்ததால்தான் வந்தது.

தை, மாசியில் நீர் உள்வாங்க ஆரம்பிக்கும். ஏரியில் மிச்சமிருக்கும் தண்ணீரை வைத்து நவரை. கழுவெளி ஓரத்தில் புல் எழும்பும், மாடும் எருமையும் இறங்கும். கோரை அறுப்பார்கள், கூரைக்கும் பாய்க்கும். குட்டையில் தங்கின தண்ணீரில் விராலும் கெளுத்தியும். இவ்வளவையும் கொடுத்த நிலத்தைத்தான் காகிதம் வெறும் புறம்போக்கு என்றது.

பெயர்கள்

இந்த இடத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கைவேலி. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில் இப்போது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். கையால் போட்ட வேலி என்று சிலர் சொல்வார்கள். வேலி ஒரு நில அளவும் ஆச்சே என்று தோன்றலாம், ஆனால் அது சோழநாட்டு அளவு, இங்கே காணி. சென்னைப் பேச்சைக் காதில் வாங்கினால் விடை தானாக வரும். இங்கே ழகரம் யகரமாகும். வாழைப்பழம் வாயப்பயம், கழனி கயினி. அப்படியானால் கழிவெளி கயிவெளி. அது தேய்ந்து கைவெளி, எழுத்தில் ஏறும்போது கைவேலி. இது என் வாசிப்பு. ஆனால் அந்த நிறுத்தத்தில் இறங்கி கிழக்கே பார்த்தால் சதுப்பு நிலத்தின் மேல்முனை தெரியும். பெயர் தான் நிற்கும் இடத்தையே சொல்லிக்கொண்டு நிற்கிறது.

வேளச்சேரிக்கு வேதச்சிரேணி என்று ஒரு தலபுராணம் சொல்வார்கள். அங்குள்ள கோயில்களின் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் வெளிச்சேரி. ஜினசிந்தாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றும் இன்னொரு பெயர் வருகிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் சமணத்துக்கு இருந்த மதிப்புக்கு அது அடையாளம். பள்ளிக்கரணையின் பள்ளியையும் சமணப் பள்ளி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த ‘வெளி’. கழிவெளியின் வெளியும் வெளிச்சேரியின் வெளியும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால், வெளியை ஒட்டி இருந்த சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஊர் தன்னை அந்தப் பரப்பை வைத்து அடையாளம் சொல்லியிருக்கிறது.

மேடவாக்கம் எளிது: மேட்டில் இருக்கும் பாக்கம். பாக்கம் என்பது நீரோரத்து ஊர். பூம்புகாரின் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் நினைவுக்கு வரும். இந்தச் சதுப்பைச் சுற்றி எத்தனை பாக்கங்கள்: பெரும்பாக்கம், மடிப்பாக்கம், துரைப்பாக்கம், காரப்பாக்கம், சித்தாலப்பாக்கம், கோவிலம்பாக்கம். மேடவாக்கம், புழுதிவாக்கம், கடற்கரைப் பக்கம் கொட்டிவாக்கம், பாலவாக்கம் எல்லாம் பகரம் வகரமாக இளகின அதே பாக்கம்தான். வரைபடத்தில் இவற்றைப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் கழுவெளிக்கு ஒரு மாலை போட்ட மாதிரி வரும். பாக்கங்கள் ஓரத்தில், நடுவில் யாரும் இல்லை.

நீரைச் சொல்லும் இன்னொரு பெயர் மடுவு. மடு என்றால் ஆழமான நீர்நிலை. ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், காரில் போகிறவர்களுக்கு ஒக்கியம் மடுவு ஒரு பாலம். நீர் எங்கே ஆழமாக நின்று வழி கண்டு வெளியேறியதோ அந்த இடத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. தெற்கே அரசன்கழனி. பெயரிலேயே கழனி. பெரியவர்கள் வாயில் அது இன்னும் அரசங்கயினிதான். கீழ்க்கட்டளை என்னும்போது, கோயில் காரியத்துக்கு எழுதிவைத்த நிலம் என்று பழைய ஆட்களுக்கு உடனே புரியும்.

இப்போது மனைப்பிரிவுகளின் பெயர்களைப் பாருங்கள். சாமி பெயர்கள், தலைவர்கள் பெயர்கள், முதலாளியின் குடும்பத்துப் பெயர்கள். யாரையும் குறை சொல்லவில்லை. எல்லாருக்கும் தங்கள் வீட்டுக்கு நல்ல பெயர் வேண்டும். ஆனால் அந்தப் பெயர்களில் ஒன்றுகூட நிலம் மேடா பள்ளமா, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லாது.

இடையில் நடந்தது

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், பலரும் எழுதியிருக்கிறார்கள். 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்த சதுப்பு இது. 1980-களில் பெருங்குடிப் பக்கம் குப்பைக் கிடங்கு வந்தது. அப்புறம் அரசு நிறுவனங்களின் வளாகங்கள், பறக்கும் ரயில் நிலையங்கள், சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடிச் சாலை. நகருக்குள் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தினவர்களைக் கொண்டுபோய் குடியமர்த்தியதும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இந்தப் பக்கம்தான். தணிவான நிலம் வாங்கும் வசதிகூட இல்லாதவர்களுக்கு அதைவிடத் தணிவான நிலம் கிடைத்தது. இது என் மாமாவின் கதையைவிடக் கனமான கதை, தனியாக எழுத வேண்டியது.

2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல்பூர்வமாக எல்லை ஆய்வு முடியும்வரை ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி தரக்கூடாது என்றது. அந்த 1 கிலோமீட்டர் என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பாக்கங்களின் மாலைதான் ஞாபகம் வந்தது. பழைய ஊர்கள் அந்த இடைவெளியைத் தாங்களாகவே விட்டு வைத்திருந்தன; நடுவில் இருந்தது கழனி, வாய்க்கால், மேய்ச்சல்.

நடந்து பார்த்தது

காகிதத்தில் இருந்ததைத் தெருவில் பார்க்க வேண்டும் என்று பழைய ஊரிலிருந்து ஒரு பெரியவரைக் கூப்பிட்டோம். எண்பது வயது தாண்டியவர். இந்தக் கழனிகளில் சின்ன வயதில் அப்பாவோடு நாற்று பிடுங்கியவர். கையில் ஒரு குடை. மாமாவின் தெரு முனைக்கு வந்ததும் நின்றார். கான்கிரீட் ரோட்டில் ஓரிடத்தில் லேசாகப் பள்ளம். சைக்கிள் போனால் தானாக வேகம் எடுக்கும். தினமும் நடக்கிற இடம், எங்களுக்கு அது ரோட்டுக்காரன் செய்த கோளாறு. பெரியவர் குடை நுனியால் அந்தப் பள்ளத்தைத் தொட்டார்.

“இதாம்பா வாய்க்கா. ஏரி கோடி போச்சுன்னா இதுல வந்து அதோ அப்படி எறங்கும்” என்று மாமா வீட்டு காம்பவுண்டைக் காட்டினார். வீட்டின் பின்பக்க மதில் வரை போனோம். பத்திரத்தில் வடக்கெல்லை என்று இருந்த வாய்க்கால், தெருவாகப் போட்ட பிறகும் தன் பள்ளத்தை விடவில்லை. ரோட்டை எத்தனை தடவை உயர்த்திப் போட்டாலும் அந்த இடம் மட்டும் கொஞ்சம் கீழேயே நிற்கிறது. மழைநீர் வடிகால் மூடி ஒன்று பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது பள்ளத்திலிருந்து எதிர்த்திசையில் மேட்டைப் பார்த்துப் போகிறது.

“அண்ணே, அப்போ எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லலையே” என்றார் மாமா.

“நீங்க யாரையும் கேக்கலையே தம்பி. விக்கறவன்கிட்டதான கேட்டீங்க” என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. தோளில் கை வைத்துத்தான் சொன்னார்.

அப்புறம் அவர் வீட்டுக்கு நடந்தோம். நாலு தெருதான், ஆனால் கடைசித் தெருவில் கால் மேட்டை உணர்ந்தது. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. ரெவின்யூ கணக்கில் அந்த இடம் நத்தம், அதாவது குடியிருப்பு நிலம். கோயிலும், பழைய வீடுகளும், ஒரு காலத்தில் நெல் அடித்த களமும் அந்த மேட்டில். கழனி அதற்குக் கீழே, கழுவெளி கழனிக்கும் கீழே. மூன்று படி. 2015-லும் 2023-லும் தண்ணீர் கீழ் இரண்டு படியிலேயே நின்றுவிட்டது. பெரியவர் வீட்டுத் திண்ணைக்கு முன்னால் இருந்த கல்லைக் காட்டி, “இதுக்கு மேல நான் பாத்ததில்ல, எங்கப்பாவும் பாத்ததில்ல” என்றார். மாமா அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேள்விக்கான பதில் அதுதான்.

புல வரைபடத்தின் நகல் ஒன்றை விரித்து வைத்தேன். சர்வே எண்கள் மட்டும் இருக்கும் காகிதம். பெரியவருக்கு எண்கள் தெரியாது. வாய்க்காலைக் கண்டுபிடித்ததும் மீதியை விரலாலேயே நடந்து காட்டினார். மதகை ஒட்டினது மதகடி. அடுத்தது ஆலடி, மரம் போய் ரொம்ப நாள் ஆச்சு. கோடித் தண்ணீர் நுழையும் இடம் கோடிவாய். கழுவெளியைத் தொடும் கடைசிக் கழனிகளுக்கு ஓரங்கயினி. அதில் சம்பா மட்டும்தான் வைப்பார்களாம், அதுவும் தண்ணீர் தாங்கும் உயரமான நெல்லாகப் பார்த்து. ஒவ்வொரு பெயரும் அந்தத் துண்டுக்கு எப்போது தண்ணீர் வரும், எப்போது போகும் என்ற தகவல். மாமாவின் மனை விழுந்த கட்டத்தில் அவர் விரல் நின்றது. “இது கோடிவாய்” என்றார்.

மாமா வீட்டை இன்னும் விற்கவில்லை. வாங்க வந்த ஒருவரிடம் மூலப்பத்திரத்தையும் இந்த வரைபடத்தையும் சேர்த்தே காட்டினார். அவர் திரும்பி வரவில்லை. இப்போது கீழ்த்தளத்தைக் காலியாக விட்டுத் தூண்கள் மேல் வீட்டைத் திருப்பிக் கட்ட முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

வரைபடத்தில் தெற்குப் பக்கம் ஆறு கட்டங்களுக்கு இன்னும் பெயர் எழுதவில்லை. அந்தக் கழனிகளை வைத்திருந்த குடும்பத்து ஆயா உத்திரமேரூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வருவாராம். பென்சிலோடு போகலாம் என்றிருக்கிறேன்.